செர்ரி மரத்தின் பெயரில் ஓடியவர்கள்: குளிர்கால வீதி ஓட்டத்தின் சொல்லப்படாத வரலாறு

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் பெருநகரங்களின் ஞாயிறு விடியல்கள் ஓட்டக்காரர்களுக்கு உரியவை ஆகிவிடுகின்றன. புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டம், பசுமை ஓட்டம், புத்தாண்டு ஓட்டம், கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி போட்டுக்கொண்டு ஓடும் ஓட்டம் என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு. 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. கட்டணம் கட்டினால் டி-சர்ட், மார்பில் குத்திக்கொள்ள ஓர் எண், முடித்தால் கழுத்தில் பதக்கம். காவல்துறை போக்குவரத்தை நிறுத்தி வழிவிடுகிறது.

இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். பொதுச்சாலையில் யார் நடக்கலாம் என்பதற்காக 1924இல் வைக்கத்தில் சிறை சென்றவர்களின் வரலாற்றைப் படித்த நாம், பொதுச்சாலையில் யார் ஓடலாம் என்ற வரலாற்றையும் படிக்க வேண்டும். அதற்கு நியூயார்க் நகரத்துக்குப் போக வேண்டும்.

மூடிய கதவுகள்

பண்டிகையை ஒட்டி நகர வீதியில் ஓடும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. பஃபலோ நகரில் 1896ஆம் ஆண்டு நன்றி நவிலல் நாளில் ஆறே பேருடன் தொடங்கிய ஓட்டம் இன்றும் நடக்கிறது. அந்த நாளின் விருந்துணவான வான்கோழியின் பெயரில் இன்று அந்நாட்டின் எத்தனையோ ஊர்களில் ஓட்டங்கள் உண்டு.

ஆனால் அந்தக் காலத்துத் தடகளம் மன்றங்களின் கையில் இருந்தது. ஓடுதளம், பயிற்சியாளர், குளியலறை, போட்டிக்கு அனுப்பும் அதிகாரம் எல்லாம் மன்றத்துக்குள். அவற்றில் பெரியது 1868இல் தொடங்கிய நியூயார்க் தடகள மன்றம். வெள்ளைப் பணக்காரர்களின் அந்த மன்றத்தில் கறுப்பின மக்களுக்கும் யூதர்களுக்கும் உறுப்பினர் ஆகும் வாய்ப்பு இல்லை. அந்த மன்றம் நடத்தும் போட்டியில் கறுப்பின வீரர் ஓடலாம், டிக்கெட் வாங்கியவர்கள் கைதட்டலாம். ஓடி முடித்ததும் அவர் வாசலோடு போய்விட வேண்டும். உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்ற இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹார்லெம், 1936

1936இல் ஹார்லெம் பகுதியில் ஜோசப் யான்சி என்பவரும் இன்னும் இரண்டு கறுப்பினத்தவரும் சேர்ந்து 'நியூயார்க் பயனியர் கிளப்' என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். ஹார்லெம் இளைஞர்களை விளையாட்டின் வழியாகக் கல்விக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். சொந்தக் கட்டடமோ பணக்காரப் புரவலர்களோ கிடையாது. பிராங்க்ஸ் பகுதியில், யாங்கி விளையாட்டரங்கின் நிழலில் இருந்த மேக்கம்ஸ் டாம் பூங்காவில் பயிற்சி செய்தார்கள்.

1942இல் அந்த மன்றம் தன் விதிகளைத் திருத்தி, எல்லா இனத்தவரும் சேரலாம் என்று எழுதியது. மற்ற மன்றங்கள் ஒதுக்கிய யூதர்கள் வந்தார்கள், ஏழை வெள்ளையர்களும் வந்தார்கள். தலைமை மட்டும் மாறவில்லை. பயிற்சியாளர் யான்சிதான். வெள்ளை இளைஞர்கள் ஒரு கறுப்பினத் தலைவரின் சொல்லைக் கேட்டு ஓடினார்கள். அமெரிக்க ராணுவமே இனவாரியாகப் பிரிந்து கிடந்த ஆண்டு அது.

இந்த இரண்டு ஆண்டுகளும் நமக்குப் பழக்கமானவை. 1936இல்தான் அண்ணல் அம்பேத்கர் 'சாதியை அழித்தொழித்தல்' உரையை, லாகூரில் பேச விடாததால், தாமே அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டில்தான் எல்லாச் சாதி உழைப்பாளர்களையும் சேர்க்க முனைந்த சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கினார். பயனியர் கிளப்புக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நாம் சொல்லவில்லை. ஹார்லெமை ஒட்டியிருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் 1913 முதல் 1916 வரை படித்தார் என்பதோடு அந்தத் தொடர்பு நிற்கிறது. ஆனால் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே: தனி அமைப்பா, பொது அமைப்பா? பயனியர் கிளப் தந்த விடை, ஒதுக்கப்பட்டவர்கள் தலைமையில் ஒரு பொது அமைப்பு. வாசலை யாருக்கும் திறக்கலாம், சாவி நம்மிடம் இருக்க வேண்டும்.

டெட் கார்பிட்

அந்த மன்றத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் டெட் கார்பிட். 1919இல் தெற்கு கரோலினாவின் டன்பார்ட்டன் என்ற சிற்றூரில், பருத்தி விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். அந்த ஊர் இன்று இல்லை. அணு ஆயுத மூலப்பொருள் ஆலைக்காக 1950களின் தொடக்கத்தில் அதை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வெள்ளை மாணவர்கள் உடன் ஓட மறுத்ததால் சில போட்டிகளிலிருந்து அவரை விலக்கி வைத்தார்கள். போருக்குப் பிறகு நியூயார்க்கில் பிசியோதெரபி மருத்துவராக வேலை பார்த்தார். வீட்டிலிருந்து வேலைக்கு ஓடியே போவார். சில நாள்களில் மன்ஹாட்டன் தீவை முழுதாகச் சுற்றி 30 மைலுக்கு மேல் ஓடுவார். தெருவில் ஓடும் கறுப்பின மனிதரைக் கண்ட போலீஸ்காரர்கள் அவரைப் பலமுறை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்காவுக்காக ஓடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1954இல் அமெரிக்க தேசிய மாரத்தான் பட்டத்தை வென்றார்.

பிப்ரவரி 1959

1958இல் நியூயார்க்கின் வீதி ஓட்டக்காரர்கள் நாற்பது பேர் அளவில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பயனியர் கிளப்பைச் சேர்ந்தவர்கள் அதில் முன் நின்றார்கள். முதல் தலைவர் டெட் கார்பிட். இன்று உலகின் மிகப் பெரிய ஓட்ட அமைப்புகளில் ஒன்றான 'நியூயார்க் ரோடு ரன்னர்ஸ்' அப்படித் தொடங்கியதுதான்.

அடுத்த பிப்ரவரியில் அந்தச் சங்கம் ஒரு மாரத்தான் நடத்தியது. பிப்ரவரி 22 ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, பொய் சொல்லாமல் அப்பாவிடம் ஒப்புக்கொண்டான் என்ற கதை அந்நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அதனால் அந்தக் குளிர்கால ஓட்டத்துக்கு 'செர்ரி மர மாரத்தான்' என்று பெயர்.

உண்மையைப் போற்றும் அந்தக் கதையே உண்மை இல்லை. வீம்ஸ் என்ற பாதிரியார் தாம் எழுதிய வாஷிங்டன் வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் புகுத்திய கட்டுக்கதை அது. 1799இல் வாஷிங்டன் இறந்தபோது அவருடைய பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதுதான் பதிவேட்டில் இருக்கும் உண்மை. அடிமைகளின் பேரன் ஒருவர் தலைமை தாங்கிய சங்கம், அடிமைகளை வைத்திருந்தவரின் பிறந்தநாள் கதையின் பெயரில் ஓடியிருக்கிறது. இது கார்பிட் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. ஒரு நாட்டின் விழாக்களும் பெயர்களும் ஆண்டவர்களிடமிருந்தே வருகின்றன. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் காரியத்தை அந்தப் பெயர்களுக்கு அடியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஓடிய இடம் பிராங்க்ஸின் வீதிகள். ஹார்லெம் ஆற்றங்கரையை ஒட்டி, வண்டிகள் போய்க்கொண்டிருக்கும் சாலையின் ஓரமாக ஓடினார்கள். முதல் ஆண்டு ஓடியவர்கள் எல்லோரும் ஒரே பேருந்தில் அடங்கிவிடுவார்கள். டி-சர்ட் இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் சாலையில் ஓட எந்த மன்றத்தின் உறுப்பினர் அட்டையும் வேண்டியதில்லை. அதுதான் விஷயம்.

அளவுகோல்

கார்பிட் செய்த வேலைகளில் அதிகம் பேசப்படாததும், நாம் அதிகம் படிக்க வேண்டியதும் இதுதான். அந்தக் காலத்தில் வீதி ஓட்டங்களின் தூரம் நம்பத்தக்கதாக இல்லை. கார் மீட்டரை வைத்து அளப்பார்கள், அல்லது குத்துமதிப்பாகச் சொல்வார்கள். புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தானின் பாதையே 1950களில் சில ஆண்டுகள் 1,000 கெஜத்துக்கும் மேல் குறைவாக இருந்தது பின்னால்தான் தெரிந்தது. தூரம் சரியில்லை என்றால் நேரத்துக்கு மதிப்பில்லை. நேரத்துக்கு மதிப்பில்லை என்றால், யார் நல்ல ஓட்டக்காரர் என்பதைப் பெரிய மன்றங்களின் தேர்வாளர்கள் தம் இஷ்டப்படி முடிவு செய்வார்கள்.

கார்பிட் பிரிட்டனில் ஜான் ஜுவல் என்பவர் எழுதியதைப் படித்து, சைக்கிளை வைத்து அளக்கும் முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். எஃகு நாடாவால் துல்லியமாக அளந்த ஒரு நேர்கோட்டில் சைக்கிளை ஓட்டி, அந்தத் தூரத்துக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் பாதை முழுதும் சைக்கிளை ஓட்டிச் சுற்றுகளை எண்ண வேண்டும். வெயிலிலும் குளிரிலும் டயரின் காற்று மாறும், எனவே முடித்ததும் நேர்கோட்டில் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். 1964இல் இதை ஒரு சிறு நூலாக எழுதினார். இன்று உலகம் முழுதும் சாலை ஓட்டப் பாதைகளைச் சைக்கிள் வைத்துத்தான் அளக்கிறார்கள்.

இது வெறும் தொழில்நுட்பம் இல்லை, தோழர்களே. ஆளுக்கு ஆள் மாறாத அளவுகோல் இருந்தால்தான் பிராங்க்ஸ் சந்தில் ஓடியவரின் 26 மைலும் பாஸ்டனில் ஓடியவரின் 26 மைலும் ஒன்றாகும். 'தகுதி' என்ற சொல்லால் அடிபட்ட நமக்கு இது புரியும். தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது, அதைச் சரிபார்த்தது யார் என்று கேட்காதவரை 'தகுதி' ஆதிக்கத்தின் சொல்லாகவே இருக்கும். கார்பிட் அந்தக் கோலைத் தம் கையில் எடுத்துச் சரிசெய்து எல்லோருக்கும் கொடுத்தார்.

புறக்கணிப்பும் உட்கார்ந்த போராட்டமும்

பழைய மன்றங்கள் தாமாக மாறவில்லை. 1968 பிப்ரவரி 16 அன்று நியூயார்க் தடகள மன்றம் தன் நூற்றாண்டையொட்டி உள்ளரங்கப் போட்டி நடத்தியபோது, சமூகவியல் ஆசிரியர் ஹாரி எட்வர்ட்ஸ் தலைமையிலான இயக்கம் புறக்கணிப்புக்கு அழைத்தது. கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர் வரவில்லை, சோவியத் அணியும் விலகியது. அந்த ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் உயர்ந்த இரண்டு முஷ்டிகளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பிப்ரவரிக் குளிரில் அரங்கின் வாசலில் நின்றவர்களை மறந்துவிட்டது.

ஒதுக்கப்பட்டவர்கள் திறந்த சாலையிலும் பெண்களுக்கு இடம் எளிதில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1970இல் இதே சங்கம் சென்ட்ரல் பூங்காவில் நியூயார்க் மாரத்தானைத் தொடங்கியது. கட்டணம் 1 டாலர், பெயர் கொடுத்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். 1972இல் பெண்கள் தனியாக, ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஓட வேண்டும் என்று தேசியத் தடகளச் சங்கம் விதித்தது. துப்பாக்கி வெடித்ததும் ஆறு பெண்களும் தொடக்கக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களோடு எழுந்து ஓடினார்கள்.

1976இல் அந்த மாரத்தான் நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டு ஓடியது. அதற்கு நகர நிர்வாகத்தில் வழி செய்தவர்களில் முக்கியமானவர் மன்ஹாட்டன் பகுதித் தலைவர் பெர்சி சட்டன். மால்கம் எக்ஸின் வழக்கறிஞராக இருந்த கறுப்பினத் தலைவர் அவர். இன்று அந்த ஓட்டத்தை 50,000க்கும் மேற்பட்டோர் ஓடி முடிக்கிறார்கள். பிராங்க்ஸில் தொடங்கியதையும் பயனியர் கிளப் என்ற பெயரையும் அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பிப்ரவரி 23

வாஷிங்டன் பிறந்தநாளுக்கு மறுநாள், 2020 பிப்ரவரி 23. ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் அருகே ஒரு குடியிருப்பு வீதியில் ஓடிக்கொண்டிருந்த அகமது ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை, மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவன் சுட்டுக் கொன்றான். இரண்டு மாதத்துக்கு மேல் கைது இல்லை. காணொளி வெளியே வந்த பிறகுதான் சட்டம் அசைந்தது. 2021 நவம்பரில் மூவரையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள். குடிமகனே குடிமகனைப் பிடிக்கலாம் என்ற 1863ஆம் ஆண்டுச் சட்டத்தை, அடிமைமுறைக் காலத்தின் அந்த மிச்சத்தை, ஜார்ஜியா மாற்றி எழுதியது.

அவர் நினைவாக மக்கள் 2.23 மைல் ஓடுகிறார்கள். இரண்டாம் மாதம், இருபத்து மூன்றாம் நாள். அதுவும் ஒரு தலைப்பு வைத்த ஓட்டம்தான். ஆண்டவர்களின் கதையிலிருந்து பெயர் எடுத்த செர்ரி மர ஓட்டத்திலிருந்து, கொல்லப்பட்டவரின் நாளையே தூரமாக அளந்து ஓடும் ஓட்டம் வரை வந்திருக்கிறார்கள். இடையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். கார்பிட்டை நிறுத்திய சந்தேகப் பார்வை மட்டும் அப்படியே இருக்கிறது.

நமக்கு

கார்பிட் 2007 டிசம்பரில் காலமானார். அவர் பெயரில் சென்ட்ரல் பூங்காவில் டிசம்பரில் 15 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. அந்தப் பெயர் தானாக வரவில்லை. தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி, பழைய முடிவுப் பட்டியல்களையும் புகைப்படங்களையும் பாதுகாத்தவர்களால் வந்தது.

நம் நகரங்களின் குளிர்கால ஓட்டங்களைப் பார்த்தும் சில கேள்விகள் கேட்போம். டி-சர்ட்டில் யார் பெயர் இருக்கிறது? கட்டணம் கட்ட முடியாத குடிசைப் பகுதிப் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள்? கடைசி ஆள் ஓடி முடித்த பிறகு, ஆயிரக்கணக்கான தண்ணீர்க் குவளைகளைச் சாலையிலிருந்து கூட்டி அள்ளுபவர் யார், அவர் எந்தச் சாதி, அவருக்கு அன்றைய கூலி என்ன? ஆரோக்கியத்துக்கும் பசுமைக்கும் ஓட்டம் வைக்கும் நகரம், மலக்குழியில் இறந்த தூய்மைப் பணியாளர்களின் பெயரில் என்றாவது ஒரு சாலையை இரண்டு மணி நேரம் மூடுமா?

அதை நகரம் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1959இல் பிராங்க்ஸில் கூடியவர்களிடம் இருந்தது ஒரு சாலை, ஒரு கடிகாரம், சரியாக அளந்த ஒரு தூரம். நம் விடுதிகளிலும் சேரிகளிலும் ஓடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் நாள்காட்டியில் ஏப்ரல் 14 இருக்கிறது, டிசம்பர் 6 இருக்கிறது. பெயரை நாமே வைப்போம், தூரத்தையும் நாமே அளப்போம். யார் வேண்டுமானாலும் வந்து உடன் ஓடட்டும்.