1176 கம்ப்ரெசர்

ஒலிப்பதிவுக் கூடங்களில் குரல், டிரம்ஸ், பேஸ் கிட்டார் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவி. அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னமின் வடிவமைப்பில் 1967-இல் வெளிவந்தது. இதற்கு முந்தைய 176 என்ற மாதிரி வால்வுகளால் இயங்கியது. 1176-இல் அந்த வேலையை ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டர் ஏற்றது.

இதன் புகழுக்கு வேகமே காரணம். எல்லை மீறிய ஒலியைப் பிடிக்கும் அட்டாக் நேரம் 20 முதல் 800 மைக்ரோவிநாடி வரை. பிடியை விடும் ரிலீஸ் 50 மில்லிவிநாடி முதல் 1.1 விநாடி வரை. இரண்டு குமிழ்களையும் வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மற்ற கருவிகளில் பழகிய கைக்கு இது தலைகீழ்.

எல்லையைக் குறிக்கத் தனிக் குமிழ் கிடையாது. இன்புட்டைக் கூட்டக் கூட்ட ஒலி எல்லையைத் தாண்டும், அமுக்கமும் அதிகரிக்கும். குறைந்த அளவை அவுட்புட் குமிழால் ஈடுகட்டலாம். ரேஷியோவுக்கு 4, 8, 12, 20 என நான்கு பொத்தான்கள். 4:1-இல் எல்லைக்கு மேல் 8 டெசிபல் எகிறும் குரல் 2 டெசிபல் மட்டுமே எகிறும்.

நான்கையும் ஒருசேர அழுத்துவது வடிவமைப்பாளர் எண்ணியிராத குறும்பு. ஒலி முரட்டுத்தனமாகச் சிதையும்; டிரம்ஸ் அறையின் எதிரொலி பொங்கி முன்னால் வரும். ராக் இசையில் அதுவே விரும்பிக் கேட்கப்பட்டது.

பாடகர் குரலுக்கு, 1176-ஐ முதலில் வைத்துத் திடீர் உச்சங்களை மட்டும் சில டெசிபல் தட்டிவிட்டு, பின்னால் ஒளியுணரியால் இயங்கும் நிதானமான எல்.ஏ.-2ஏ கருவியைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். இன்று இரண்டும் மென்பொருள் வடிவிலும் கிடைக்கின்றன.