தொப்பி நத்தை செத்தா பாறை பச்சையாகும்

புதுக்கோட்டைன்னு சொன்னதும் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலைன்னு பாறையாத்தான் ஞாபகம் வரும். ஆனா அதே மாவட்டத்துக்குக் கடலும் இருக்கு. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் எல்லாம் பாக் விரிகுடாக் கரை. அங்க சேறும் மணலும்தான். நம்ம இன்னைக்குப் பேசப்போற உயிருக்கு அந்தச் சேத்துல வாழ வழியில்ல. அதுக்கு ஒட்டிக்கக் கல் வேணும்.

அதோட பேர் லிம்பெட். தொப்பியைக் கவிழ்த்து வச்ச மாதிரி ஓடு இருக்கிற கடல் நத்தை. இந்தியப் பாறைக்கரைகள்ல இருக்கிற ஒரு இனம் செல்லானா ரேடியாட்டா. 1778-ல வியன்னாவுல இருந்த அரச சேகரிப்பைப் பட்டியல் போட்ட இக்னாஸ் வான் பார்ன் அதை முதல்ல விவரிச்சார். அவர் பட்டியல் போட்டது ஓடுகளை. அது பாறையில எப்படி வாழுதுன்னு விசாகப்பட்டினத்துல ஆராய்ஞ்சவங்க ஆந்திரப் பல்கலைக்கழகத்தோட பாலபரமேஸ்வர ராவும் கணபதியும். அவங்க கட்டுரைகள் 1970-கள் தொடக்கத்துல வந்துச்சு. அலை இறங்கினப்புறம் வெயில்ல காயாம எப்படித் தாக்குப்பிடிக்குது, இடத்துக்கு இடம் ஓட்டோட வடிவம் எப்படி மாறுதுன்னு பார்த்தாங்க.

சரி, இந்த நத்தைக்கு என்ன வேலை? பாறையில முளைக்கிற குட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னுறது. ஐரோப்பிய இனம் ஒண்ணோட பல்லுல இரும்புத் தாது இருக்கு. இயற்கையில அதுவரை அளந்த பொருள்கள்லயே உறுதியானது அந்தப் பல்தான்னு 2015-ல பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சொன்னாங்க.

அந்த வேலை நின்னா என்ன ஆகும்னு 1967 மார்ச்ல இங்கிலாந்து பார்த்துச்சு. டோரி கேன்யன்ங்கிற எண்ணெய்க் கப்பல் கார்ன்வால் பக்கம் பாறையில மோதுச்சு. அதுல இருந்தது சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெய். அதைக் கரைக்க அரசாங்கம் சுமார் 10,000 டன் ரசாயனத்தைக் கொட்டுச்சு. எண்ணெயை விட அந்த ரசாயனம்தான் லிம்பெட்டை அதிகமாக் கொன்னுச்சு. சில மாசத்துல பாறையெல்லாம் பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. சுரண்ட ஆள் இல்லையே! ரசாயனம் படாத கரைகள் ரெண்டு மூணு வருஷத்துல தேறிடுச்சு. அதிகமாத் தெளிச்ச இடங்கள் பழைய நிலைக்கு வர பத்துல இருந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவசரத்துல போட்ட ஹாட்ஃபிக்ஸ், பக்கை விடப் பெரிய சேதம் பண்ணின கதை.

இப்போ 2017 ஜனவரி 28, எண்ணூர். ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்குச்சு. ஜனங்க வாளியில அள்ளினாங்க, நாம மீம் போட்டோம். தயாரா இல்லாததும், பாதுகாப்புக் கவசம் இல்லாம ஆளுங்களை இறக்கினதும் கண்டிக்க வேண்டியதுதான். ஆனா கல்லு மேல ரசாயனம் அடிக்காம கையால அள்ளுறது முட்டாள்தனம் இல்ல. கார்ன்வால் கத்துக்கிட்ட பாடமே அதுதான்.

கோட்டைப்பட்டினம் மாதிரிச் சேத்துக் கரையில எண்ணெய் உள்ள இறங்கிட்டா வெளிய எடுக்கறது இன்னும் கஷ்டம். அதனால ஒவ்வொரு கரைக்கும் தனித் திட்டம் வேணும். அங்க என்னென்ன உயிர் இருக்கு, அது என்ன வேலை செய்யுதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும். கப்பல் மோதினப்புறம் தேட ஆரம்பிச்சா நேரம் இருக்காது.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!