பாண்டித்துரையின் தேடுபொறி

1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். வந்த இடத்தில் கம்பராமாயணமும் திருக்குறளும் தேவைப்பட்டன. ஊரெல்லாம் விசாரித்தும் சட்டென்று ஒரு பிரதி கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில் குறள் இல்லை! அந்த எரிச்சல் வீண்போகவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. கூடவே பாண்டியன் நூலகம், அடுத்த வருஷம் 'செந்தமிழ்' இதழ்.

பாண்டித்துரை ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்துப் பிள்ளை, பாலவநத்தம் ஜமீன்தார். விவேகானந்தர் சிகாகோ போக உதவிய பாஸ்கர சேதுபதி இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனிக்குப் பணம் கொடுத்தவர் என்பதால்தான் இவரை இன்று பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது, இந்த மனிதருக்குத் 'தேடிக் கண்டுபிடிப்பது' என்பதில் இருந்த தீராத ஆசை. அவர் தொகுத்த 'பன்னூற்றிரட்டு' என்ன புத்தகம்? பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துப் பொருள்வாரியாக அடுக்கியது. எந்த நூலில் இருக்கிறது என்று தெரியாமலே, எதைப் பற்றி வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் பாட்டைப் பிடித்துவிடலாம். இன்று தேடுபெட்டியில் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதானே.

சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல வருஷம் உழைத்து ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதி வைத்திருந்தார். அச்சிடத்தான் ஆள் இல்லை. பாண்டித்துரை கைகொடுக்க, 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். முனிவர், அரசர், ஊர், நோய், விலங்கு, சாதி எல்லாம் அகரவரிசையில். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் எண் போட்டுப் பிரித்திருப்பார். பல பதிவுகளின் கடைசியில், இது இன்ன புராணத்தில் உள்ளது என்று நூல் பெயரின் சுருக்கம் இருக்கும். நம்பிக்கை இல்லையா, நீயே போய்ப் பார் என்பதுபோல.

எல்லாம் சரி, பாண்டித்துரை பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் எதுகை சரியில்லை என்று குறளையே 'திருத்தி' அச்சிட்டாராம். பாண்டித்துரை அத்தனை பிரதிகளையும் விலைக்கு வாங்கி அழித்துவிட்டாராம். இதைச் சொல்கிறவர்கள் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது. நூல்களைத் தேடித் தருவதற்குச் செலவழித்த அதே கை, ஒன்றை யாருக்கும் கிடைக்காமலும் ஆக்கியிருக்கிறது. தேடல் கருவியை வைத்திருப்பவருக்கு அந்த வசதி அன்றும் இருந்தது.

இப்போது புதிதாக வரும் தேடுபொறிகள் பத்துச் சுட்டிகளைக் கொடுத்து ஒதுங்குவதில்லை, பதிலையே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அப்படி ஒன்றை ராமநாதபுரச் சீமையை வைத்தே சோதித்துப் பார்த்தேன். 'ராமேஸ்வரம்' என்று போட்டால் ரயில் நேரமும் விடுதி வாடகையும். தேவாரத்தில் உள்ளபடி 'இராமேச்சுரம்' என்று போட்டால் சம்பந்தரும் அப்பரும் வருகிறார்கள். ஒரே ஊர்தான், எழுத்து மாறினால் உலகமே மாறிவிடுகிறது. தனுஷ்கோடிக்கு 1964 புயல், 'தனுக்கோடி'க்குப் புராணம். தமிழில் சொல் ரகரத்தில் தொடங்காது என்பது பழைய இலக்கணம். அதனால் அந்தக் கால அகராதிகளில் ராமனையும் 'இ'யில்தான் தேட வேண்டும். புத்தகத்தைப் புரட்டிய தாத்தாவுக்கு இது தெரியும். கணினிக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

இந்த வேலையில் பாதியை ஆர்வலர்கள்தான் இழுத்துச் செய்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்துத் தொடங்கிய மின்னூல் திட்டத்துக்கு வைத்த பெயர் 'மதுரைத் திட்டம்'. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் கணினி கன்னாபின்னா எழுத்தாகக் காட்டும். ஒருங்குறி பரவிய பிறகுதான் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கும் என்ற நிலையே வந்தது.

கடைசியாக, 'சேது' என்று மட்டும் தட்டினேன். முதலில் 1999-ல் வந்த பாலா படம். பிறகு சேதுசமுத்திரத் திட்டம். பாலம் மூன்றாவதாக வந்தது, சேதுபதிகள் அதற்கும் கீழே. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளிலும் 'சேது' என்றே பொறித்திருக்கிறது. அது ஏன் என்று தனியாகக் கேட்டேன். நாலு வரியில் அழகான பதில் வந்தது, வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று மறுபடி கேட்டதற்கு, அதே நாலு வரியை வேறு வார்த்தைகளில் சொன்னது. சிங்காரவேலு முதலியார் 1931-ல் இறக்கும்வரை தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டேதான் இருந்தார். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934-ல், அவர் மகன் முயற்சியில் வந்தது.