ஜின்செங்: புகழும் பழியும்

சீனப் பேரரசர் காங்ஷிக்காக வரைபடம் தயாரிக்க மஞ்சூரியாவை அளந்துகொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பியர் ஜார்ட்டூ, 1709இல் கொரிய எல்லையருகே ஜின்செங் செடியைக் கண்டார். 1711இல் எழுதிய கடிதத்தில், தன்மீதே செய்துகொண்ட சோதனையை விவரிக்கிறார். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பச்சை வேரில் பாதியைத் தின்றார். ஒரு மணி நேரத்தில் நாடி முன்னைவிட நிறைவாகவும் விரைவாகவும் துடித்தது, நன்றாகப் பசித்தது. சில நாள் கழித்து, குதிரைமேல் உட்காரவே முடியாத அசதியில் மறுபடியும் பாதி வேர், அசதி போயிற்று. கணிதம் கற்றவர், நேர்மையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் வேர் தின்னாமல் அதே ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காத இந்தச் சாட்சியத்தை வணிகம் பற்றிக்கொண்டது. கனடாவிலும் இச்செடி வளரக்கூடும் என்ற அவருடைய ஊகத்தைப் படித்த லஃபித்தோ என்ற துறவி, 1716இல் மாண்ட்ரியால் அருகே மோஹாக் மக்களிடையே இருந்தபோது அதன் அமெரிக்க இனத்தைக் கண்டெடுத்தார். 1784இல் நியூயார்க்கிலிருந்து சீனாவின் கான்டனுக்குக் கிளம்பிய முதல் அமெரிக்க வணிகக் கப்பலின் முக்கியச் சரக்கே இந்த வேர்தான்.

புகழ் எப்படி வந்ததோ அப்படியேதான் பழியும் வந்தது. 1979இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், ஜின்செங் சாப்பிட்டுவந்த 133 பேரைக் கவனித்த கட்டுரை வெளியானது. அவர்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, தூக்கம் கெட்டது என்றது அது. அங்கேயும் ஒப்பிடுவதற்கு, வேர் சாப்பிடாத ஒரு குழு இல்லை. எந்த வேர், எவ்வளவு என்பதும் ஆளுக்கு ஆள் மாறியது. ஆனாலும் ‘ஜின்செங் பிரஷரை ஏற்றும்’ என்ற எச்சரிக்கை கையேடுகளில் நிலைத்துவிட்டது. ஜார்ட்டூவை நம்ப மறுப்பவர்கள் இந்தக் கட்டுரையை மட்டும் நம்புவது நியாயமில்லை.

நூற்றாண்டுகளாகப் பயன்பட்டதே சான்றில்லையா என்று கேட்கலாம். மக்கள் அதை மதித்தார்கள் என்பதற்கு அது சான்றுதான். ஆனால் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியே 1896இல்தான் வந்தது. மரபு சொன்னது களைப்பையும் பலவீனத்தையும் பற்றி. ரத்த அழுத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லியிருக்க முடியாது. போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகள் பிற்காலத்தவை. 2016இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் அழுத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சர்க்கரை நோயும் உயர் அழுத்தமும் சேர்ந்திருந்தவர்களிடம் அமெரிக்க ஜின்செங் அழுத்தத்தைக் குறைத்ததாக ஒரு சோதனை காட்டியது உண்மை. கொரியச் சிவப்பு ஜின்செங்கிலுள்ள சில சேர்மங்கள் தமனியைத் தளர்த்துவதாகவும் சிறு ஆய்வுகள் உண்டு. இவற்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மேலும் ஆராய வேண்டியவை. ஆனால் சில டஜன் பேரிடம் சில வாரங்கள் பார்த்ததை வைத்துக்கொண்டு, தினமும் போட்டுவரும் பிரஷர் மாத்திரையை நிறுத்த முடியாது. பிரஷர் ஏறும் என்பதைவிட உறுதியாகத் தெரிந்த ஆபத்து ஒன்றும் உண்டு: ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தை அமெரிக்க ஜின்செங் குறைப்பதாக 2004இல், போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையே காட்டியது. எச்சரிக்கைப் பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது இதுதான்.