தவளம் போனவர்களின் கபுறுகள்



பள்ளிக்கூட லீவுக்கு வேனில் கூடாரமும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு, கலேவெலயிலிருந்து குருணாகல் வழியாகப் புத்தளம் வரை நம் முன்னோரின் கபுறுகளைத் தேடிப் போனோம். வழியில் பார்த்த மையவாடிகளில் பழைய மீஸான் கற்களுக்குப் பேரில்லை.

ஏன் அந்தப் பாதை? கண்டி இராச்சியக் காலத்தில் நம்மவர்கள் பலர் தவளக்காரர்கள். பொதிமாட்டில் கரையோரத்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறும், பாக்கு இறங்கும். இரவில் அம்பலத்திலோ மரத்தடியிலோ தங்கல். (நமக்காவது கூடாரம் இருந்தது!) ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவது நம் வழக்கம். நாட்கணக்கில் மாட்டோடு நடந்தவர் வழியில் மௌத்தானால் ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது? அங்கேயேதான் அடக்கியிருப்பார்கள். ஊர் மையவாடியில் மட்டும் தேடினால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பேர் வெட்டிய கல்லுக்கும் நிம்மதியில்லை. கொழும்பில் 10ஆம் நூற்றாண்டுக் கூஃபி எழுத்து மீஸான் கல் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஓர் அதிகாரி அதை மையவாடியிலிருந்து பெயர்த்துத் தன் வீட்டுப் படிக்கட்டுக்குப் போட்டாராம். பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டு அப்பா, உம்மம்மாவிடம் தவளம் தங்கிய இடங்களின் பேரைக் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த லீவில் அந்தப் பக்கம் போவோம், இன்ஷா அல்லாஹ்.