செயின்ட்-மிஷேலின் பாட்டு மொழி

மாண்ட்ரீலின் பிரெஞ்சு ராக் இசை 1960களில் ‘யே-யே’ குழுக்களோடு தொடங்கியது. ஆங்கிலப் பாடல்களைப் பிரெஞ்சில் பாடுவதே அவற்றின் வழக்கம். 1968இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பாடகர்கள் ராபர் ஷார்ல்புவா, லூயிஸ் ஃபொரெஸ்தியே முதலியோர் மேடையேற்றிய ‘லோஸ்டிட்ஷோ’ நிகழ்ச்சி, மின்கிதாரோடு ‘ஜுவால்’ எனும் உழைப்பாளர் பேச்சுமொழியைச் சேர்த்தது. அடுப்படியிலும் ஆலையிலும் புழங்கி, கொச்சை என்று ஒதுக்கப்பட்ட மொழி அது. பாட்டில் அதற்கு இடம் கிடைத்ததே பெரிய விடுதலை.

கல்குவாரிகளுக்குப் பேர்போன செயின்ட்-மிஷேல் நகரம் மாண்ட்ரீலோடு இணைந்ததும் அதே 1968இல்தான். பின்னர் அங்கே ஹெயிட்டியர் திரளாகக் குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் கிதாரைவிட ராப்பையே நாடினர். அங்கு உருவான மூசியோன் குழு 1999இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. பிரெஞ்சு, கிரெயோல், ஆங்கிலம் மூன்றும் அதில் தெருவில் பேசப்படும்படியே கலந்து ஒலித்தன.