சித்திரங்கள் நடந்து வந்த வழி

மரத்தாற் செய்த பாவையைக் கயிற்றினால் இயக்கி, அதற்கு உயிருண்டென்று காண்போரை மயங்கச் செய்யும் வித்தையை வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கின்றார். நாணமற்றவரை இகழ்வதற்காகவே அவர் அதைக் கூறினார். ஆயினும் அவ்வுவமையைப் படிக்குந்தோறும் நான் இகழ்ச்சியை மறந்து பாவையின் பக்கமே சாய்ந்துவிடுகின்றேன். உயிரற்ற ஒன்று எழுந்து நடப்பதைக் காண மனிதனுக்குள்ள ஆசை அத்துணைப் பழமையானது. சிறுபிராயந் தொட்டுச் சித்திரத் திரைப்படங்களின்மேற் பித்துக்கொண்டவன் நான். அவை எங்ஙனம் நம் பக்கத்து நாடுகளை வந்தடைந்தன என்பதை நேயர்களுக்குச் சொல்ல அந்தப் பித்தே போதிய காரணமாகும்.

முதலில் தொழிலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திரைப்படக் கருவி விநாடிக்கு 24 படங்களைத் திரையில் வீழ்த்துகின்றது. சித்திரக்காரர் பெரும்பாலும் ஒரு சித்திரத்தையே இருமுறை படம்பிடித்து, விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களோடு ஒப்பேற்றிவிடுவர். அப்படியும் ஒரு நிமிடக் காட்சிக்கு 720 சித்திரங்கள் வேண்டும். தலைமைக் கலைஞர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைந்து கொடுப்பார். இடைப்பட்டவற்றை உதவியாளர் வரைந்து நிரப்புவர். பின்னர் அவை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியுந் தாள்களிற் பிரதி செய்யப்பெற்று, வர்ணந் தீட்டப்பெற்று, பின்னணிக் காட்சியின்மேல் ஒவ்வொன்றாக இடப்பெற்றுப் படமாக்கப்படும். கணினி வந்து இவ்வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும்வரை, ஒரு முயல் வேலியைத் தாண்டுவதற்குப் பலருடைய முதுகு வளைந்தது.

முழுநீளச் சித்திரப்படம் என்றதும் வால்ட் டிஸ்னி 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பனிவெள்ளை' பலருக்கும் நினைவு வரும். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1926இல், லொட்டே ரைனிகர் என்ற பெண்மணி பெர்லினில் 'இளவரசன் அகமதின் சாகசங்கள்' என்ற படத்தை வெளியிட்டார். இன்று எஞ்சியுள்ள முழுநீளச் சித்திரப்படங்களுள் மூத்தது அதுவே. கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, மூட்டுமூட்டாகக் கம்பியாற் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியின்மேல் அவ்வுருவங்களை மயிரிழையளவாக நகர்த்தி நகர்த்தி, மூன்றாண்டுகள் உழைத்தார் அவர். நம்மவர் தோற்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னே செய்ததை அவர் கமராவுக்குக் கீழே செய்தார் எனலாம்.

அப்படத்தின் கதை ஆயிரத்தோரிரவுக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. பறக்குங் குதிரையும் பரி பானு என்னும் தேவகன்னியும் அலாவுதீனின் விளக்கும் அதில் வருகின்றன. கல்முனைக் கரையில் மூத்தம்மாவின் மடியிற் படுத்து அலாவுதீன் கதை கேளாத பிள்ளை அருமையே. ஆனால் அலாவுதீனும் பரி பானுவும் அந்நூலின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லாதவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. அலெப்போ நகரத்துக் கன்னா தியாப் என்பவர் 1709ஆம் ஆண்டில் பாரிசில் வைத்து அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகள் அவை. சிரியாக்காரர் சொன்னது பிரெஞ்சாகி, இரு நூற்றாண்டுகளின் பின் ஜெர்மானியப் பெண்ணொருத்தியின் கத்தரிக்கோலில் நிழலாகியது!

இனி இந்தியாவுக்கு வருவோம். தாதாசாகிப் பால்கே தம் முதற் பெரும்படத்துக்குப் பணந் தேடிய காலத்தில், ஒரு சாடியில் பட்டாணி விதையை ஊன்றி, அது முளைத்துக் கொடியாகும்வரை நாடோறுஞ் சிறிது சிறிதாகப் படம்பிடித்துக் காட்டினார். அது 1912ஆம் ஆண்டு. 1915இல் தீக்குச்சிகளைத் தாமாகவே ஆடவைத்து ஒரு குறும்படமும் எடுத்தார். 1934இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் குணமய் பானர்ஜி 'பட்டாணிச் சகோதரர்கள்' என்ற சிறு படத்தைச் செய்தார். இவை தனிமனிதரின் முயற்சிகள். இவர்களில் எவருக்குப் பின்னும் ஒரு சீடர் கூட்டம் உருவாகவில்லை.

சீடர் கூட்டம் உருவானது 1956இல். பம்பாயில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு ஒரு சித்திரப்படப் பகுதியை அமைத்தபோது, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் கிளேர் வீக்ஸ் என்பவர் ஆசிரியராக வந்தார். டிஸ்னியின் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தில் பணியாற்றியவர் அவர். மானை வரைந்து பழகிய கை இந்தியாவுக்கு வந்தும் மானைத்தான் தேடியது போலும்! 1957இல் அவருடைய மாணவர்கள் செய்து முடித்த படம் 'ஆலமர மான்' என்ற சாதகக் கதை. கருவுற்ற பெண்மான் பலிபீடத்துக்குச் செல்லும் முறை வந்தபோது, அதற்குப் பதிலாக மான்கூட்டத் தலைவனே தன் கழுத்தை வைக்கின்றது. காசியரசன் மனமிரங்கி எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிக்கின்றான். இலங்கையின் விகாரைகளிற் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதையே இது. அமெரிக்கரிடம் கற்றுக்கொண்ட கையோடு நம் கதையைச் சொன்னார்களே, அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

அம்மாணவருள் ஒருவர் ராம் மோகன். 1968இல் அரசுப் பணியை விட்டு வெளியேறிய அவர், பின்னர் சத்யஜித் ரேயின் 'சதுரங்க ஆட்டக்காரர்கள்' என்ற 1977ஆம் ஆண்டுப் படத்திற்காக, ஆங்கிலேயர் அயோத்தி அரசை விழுங்கிய வரலாற்றைச் சித்திரமாக்கிக் கொடுத்தார். யுனிசெப் நிறுவனத்துக்காக அவர் படைத்த மீனா என்ற சிறுமியையும் இங்கே சொல்லவேண்டும். தம்பி ராஜு, கிளி மிட்டு ஆகியோருடன் தெற்காசியா முழுதும் உலாவிய அச்சிறுமியின் உடை எந்நாட்டாருக்கும் எம்மதத்தாருக்கும் அந்நியமாய்த் தோன்றலாகாது என்பதற்காக, வரைந்த மாதிரிகளைக் கிராமத்தவரிடமே காட்டிக் கருத்துக் கேட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனை போன்ற ஓரூரில் அவள் எந்த வளவுக்குள்ளும் புகுந்து விளையாடிவிட்டு வரலாம்.

ஆயினும் ராம் மோகனின் பெயர் நிலைபெற்றது யுகோ சாக்கோ என்ற யப்பானியரோடு சேர்ந்து செய்த இராமாயணப் படத்தினாலேயே. அகழாய்வு பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காக 1983இல் இந்தியா வந்த சாக்கோ, இராமகாதையில் ஆழ்ந்துவிட்டார். தெய்வமாகப் போற்றப்படும் ஒருவனுக்கு மனித நடிகன் பொருந்தான், சித்திரமே பொருந்தும் என்பது அவர் எண்ணம். இதே வேளையில், அந்நியர் இராமாயணத்திற் கைவைக்கின்றனரென்று இந்து அமைப்பொன்று ஆட்சேபித்தது. இந்திய அரசும் கூட்டு முயற்சிக்கு இணங்கவில்லை. இத்தகைய புனித காவியத்தைக் கேலிச்சித்திரமாக்குவதா என்ற தயக்கம் அதற்கு. ஆகவே வேலை யப்பானில் நடந்தது. ராம் மோகனும் இந்தியக் கலைஞர் சிலரும் அங்கே சென்று, வேட்டியை எப்படி உடுப்பது, பெரியோரை எப்படி வணங்குவது என்பனவற்றை யப்பானிய ஓவியர்க்குக் கற்பித்தனர். படம் 135 நிமிடம் ஓடுவது.

1992 திசம்பர் 6ஆம் நாள் அயோத்தியிற் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே புதுடில்லித் திரைப்பட விழாவில் இப்படம் காட்டப்பட்டது. இராமன் பெயரால் இரத்தஞ் சிந்திய அக்காலத்தில் இப்படத்தைத் துணிந்து ஊரூராகக் கொண்டுசெல்ல ஆளில்லை. கலகத்தோடு எத்தொடர்புமற்ற ஒரு படைப்பு, கலகத்தின் நிழலிலே ஒதுங்க நேர்ந்தது. பின்னர் தொலைக்காட்சியே அதைக் காப்பாற்றியது; இந்தியப் பிள்ளைகள் ஒரு தலைமுறையினர் அதை வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் பார்த்து வளர்ந்தனர்.

நம் நாட்டிலும் சித்திரப்படங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது தொலைக்காட்சியே. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி தொடங்கிய பின், திரைப்பட நெறியாளர் டைட்டஸ் தொட்டவத்த அயல்நாட்டுச் சித்திரங்களைச் சிங்களத்தில் பேசவைத்தார். பக்ஸ் பனி என்னும் முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆகியது. விலங்குகளோடு பேசும் வைத்தியர் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். வெறும் மொழிபெயர்ப்பாக இராது, கிராமத்துப் பேச்சும் பாட்டுமாக அவை மறுபிறவி எடுத்தன. 2011இல் அவர் மறைந்தபோது வருந்தியவர்களுட் பெரும்பாலோர் ஒருகாலத்துச் சிறுவர்களே. கிழக்குக் கரையில் அம்முயலின் வாயிலிருந்தே முதற் சிங்களச் சொற்களைக் கற்றவர்களை நான் அறிவேன். அதில் எனக்குப் பொறாமையும் உண்டு. முயல் தமிழிலும் அவ்வளவு குறும்பாகப் பேசியிருக்கலாமே என்ற ஏக்கம் அது. தமிழில் குரல்மாற்றம் பின்னாளில் மலிந்தது. ஆனால் தொட்டவத்தவைப்போல் நாட்டு வழக்கை அள்ளித்தெளித்த ஒருவரை நாம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

சாக்கோவின் இராமாயணம் 2025 சனவரி 24ஆம் நாள் புதுப்பொலிவுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் பேசியது. டில்லியில் முதன்முறை காட்டப்பட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. சாக்கோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் காலமாகிவிட்டனர்.